மனநோய்க்கு மருந்து உண்டு; தங்க மனை உண்டா?

தர்ம காரியம் ஒன்றுக்குப் பணம் வேண்டுமாயின், பாட்டுக் கச்சேரியோ நாடகமோ ஏற்பாடு செய்வது நம்மவர்க்குக் கைவந்த வழக்கம். கோயிற் கோபுரத் திருப்பணிக்கும், பாடசாலைக் கட்டட நிதிக்கும், வெள்ள நிவாரணத்துக்கும் எத்தனை நாடகங்கள் மேடையேறியிருக்கின்றன! 1944 ஆம் ஆண்டில் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் கஸ்தூரிபாய் காந்தி நினைவு நிதிக்கென ஐந்து கச்சேரிகள் செய்து கொடுத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேனாட்டிலும் இவ்வழக்கம் பழையது. 1742 ஏப்ரல் 13 ஆந் தேதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹாண்டல் என்னும் இசைப் புலவர் தமது 'மெசையா'வை முதன் முதலாக அரங்கேற்றினார். அன்று சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி, கடன் தீர்க்க வகையின்றிச் சிறையிற் கிடந்தவர்களின் பொருட்டுச் செலவாயிற்று. 142 பேர் விடுதலை பெற்றனர். பாட்டைக் கேட்டவர்கள் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள். கேளாத 142 பேரும் வீடு திரும்பினார்கள்!

ஆனால், எந்த நோய்க்கு நம் கை எளிதில் நீளுகிறது என்பதைச் சற்றே கவனித்துப் பாருங்கள். கண்ணொளி இழந்தவருக்கென்றால் உடனே கொடுப்போம். இருதய நோயுற்ற குழந்தையின் படத்தைப் பார்த்தாற் கண் கலங்கிக் கொடுப்போம். சித்தம் கலங்கியவருக்கென்று உண்டியலை நீட்டினாலோ, கை சற்றுத் தயங்குகிறது. அந்நோயாளியின் படத்தை அச்சிட்டுக் காட்ட முடியாது, காட்டுவது முறையுமன்று. அவருடைய குடும்பத்தார் மேடையேறி நன்றி கூறவும் வர மாட்டார்கள். நோய் இருப்பதையே அயலார் அறியாமல் மூடி வைக்கும் குடும்பம் எப்படி மேடைக்கு வரும்? ஆகவே, மனநோயாளருக்காகப் பெரியதொரு கலை விழா நடைபெற்றது என்றால் அது குறிப்பிடத்தக்க செய்தியே.

அப்படிப்பட்ட விழா ஒன்று 2008 ஆம் ஆண்டிற் சென்னையில் நடந்தது. 'நேற்று, இன்று, நாளை' என்பது அதன் பெயர். திரைப்பட இயக்குநர் மணிரத்னம் அதனை மேடையில் அமைத்துத் தந்தார். திரைக் கலைஞர் பலர் அதிற் பங்கு கொண்டனர். திரட்டிய நிதி 'தி பான்யன்' என்னும் ஸ்தாபனத்துக்கு உரியது. பான்யன் என்றால் ஆலமரம். வீதியிற் கைவிடப்பட்டுத் திரியும் மனநோயுற்ற பெண்களுக்கு நிழல் தருவதே அந்த ஆலமரத்தின் வேலை.

அது முளைத்த கதை சிறியது, ஆனாற் சொல்லத்தக்கது. 1993 ஆம் ஆண்டில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம் பெண்கள், உடையும் உணர்வுமின்றிச் சென்னை வீதியில் நின்ற பெண்ணொருத்தியைக் கண்டார்கள். நம்மைப் போல் முகத்தைத் திருப்பிக் கொண்டு போகாமல், அவளை எங்கேயாவது சேர்ப்பிக்க முயன்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு காரணம் சொன்னார்கள். அநாதை விடுதியில் வேறொரு காரணம் சொன்னார்கள். இடந் தருவாரில்லை. 'எவரும் இடந் தராவிட்டால் நாமே இடந் தேடுவோம்' என்று இருவரும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பின்னர் முகப்பேர் என்னுமிடத்தில் 'அடைக்கலம்' என்ற இல்லம் எழுந்தது. மருந்தும் உணவும் பேச்சுத் துணையும் கிடைத்த பின்னர், சில மாதங்களில் அப்பெண்களுட் பலர் தம் பெயரைச் சொன்னார்கள், ஊரைச் சொன்னார்கள். தமிழே அறியாத வடநாட்டுப் பெண்கள் ரயிலேறி, எங்கோ இறங்கி, எப்படியோ சென்னை வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களது ஊரைத் தேடிக் கொண்டு போய்ச் சேர்க்கும் பணியும் நடந்தது.

இனித்தான் நமது விஷயம் வருகிறது. குணமடைந்தவர்களில் ஒரு பகுதியினருக்குத் திரும்பிப் போக வீடே இல்லை. கணவன் வேறொருத்தியை மணந்து விட்டான்; பெற்றோர் காலமாகி விட்டனர்; அண்ணன்மார் கதவைத் திறக்கவில்லை. இவர்கள் ஆயுள் முழுவதும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதுதானா? 2015 ஆம் ஆண்டில் அந்த ஸ்தாபனத்தார் வேறொரு வழி வகுத்தார்கள். ஊருக்குள்ளே, நாலு பேர் குடியிருக்கும் தெருவிலே, சாதாரண வீடொன்றை வாடகைக்கு எடுத்து நாலைந்து பெண்களைக் குடி வைத்தார்கள். துணைக்கு ஓர் உதவியாளர் மட்டும். சமையல் அவர்களுடையது, கடைக்குப் போவது அவர்கள், கதவுச் சாவியும் அவர்கள் கையில். மறுபடியும் வீடு என்ற பொருள் தரும்படி அதற்கு ஆங்கிலத்திற் பெயரிட்டார்கள். தமிழ் நாட்டுக்கு அப்பால், கேரளம், மகாராஷ்டிரம், அஸ்ஸாம் வரை அம்முறை பரவியிருக்கிறது.

மருந்து மனத்தைத் தெளிவிக்கும். ஆனால் தெளிந்த மனத்துக்கு இராத் தங்க ஓரிடம் வேண்டுமன்றோ?

நிற்க. சென்னையை விட்டு, நமது ஹட்டன், நுவரெலியாப் பக்கம் திரும்புவோம். தேயிலைத் தோட்டங்களில் மனநோயையும் வீட்டையும் வெவ்வேறாகப் பிரித்துப் பேசவே முடியாது. ஏன் என்பதை விளங்கிக் கொள்ள லயத்தின் சரித்திரத்தைச் சிறிது நோக்க வேண்டும்.

கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலும் அறுவடைக் காலத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பிய ஆண்கள். அவர்கள் சில மாதங்கள் ஒதுங்குவதற்குக் கட்டியவையே வரிசை வரிசையான லயங்கள். பிறகு கோப்பி நோயுற்று அழிந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து மலையெங்கும் தேயிலை பரவியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் செடி. ஆண்டு முழுவதும் கை வேண்டும். பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து நிலைத்தார்கள். வேலை மாறியது, குடியிருப்போர் மாறினர்; லயம் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, அதன் முன்னே சிறிய இஸ்தோப்பு, மேலே தகரம். முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயமாயின் பின் சன்னலும் கிடையாது. 1912 இல் தொழிலாளர் சுகாதாரத்துக்கென இயற்றிய சட்டங்கள் லயங்களைப் பற்றிச் சில விதிகள் வகுத்தன. அதன் பின்னும் நூறாண்டு கழிந்து விட்டது. பத்தடிக் காம்பராக்களிற் பிறந்து வளர்ந்து மணம் முடித்துப் பேரப்பிள்ளை கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தக் காம்பராவில் மாமியார், மாமனார், மகன், மருமகள், மூன்று குழந்தைகள், மணமாகாத கொழுந்தி என்று ஏழெட்டுப் பேர் குடியிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோரும் ஒதுங்கிக் கொள்வார்கள். இரண்டொரு நாளிற் குணமாகும். சித்தம் கலங்கினால் என்ன செய்வது? அவர் இரவு முழுவதும் உறங்காமல் எழுந்து நடக்கிறார்; சுவரோடு பேசுகிறார்; யாரோ தன்னை அழைப்பதாகச் சொல்லிக் கதவைத் திறந்து கொண்டு இருட்டில் இறங்குகிறார். குழந்தைகள் அஞ்சி அழுகின்றன. நடுச் சுவர் கூரை வரை எட்டாத லயங்களிற் பக்கத்துக் காம்பராக்காரருக்கும் தூக்கமில்லை. விடியற் காலையில் எல்லோரும் பிரட்டுக் களத்துக்குப் போயாக வேண்டும். ஒரு வாரம் பொறுப்பார்கள். ஒரு மாதம் பொறுப்பார்கள். தனியே படுக்க ஓர் அறை, மூடிக் கொள்ள ஒரு கதவு, வெளிச்சம் வர ஒரு சன்னல், இவை மூன்றும் மனநோய்க்கு மருந்துக்கு அடுத்த மருந்து. லயத்தில் இம்மூன்றும் இல்லை. குடும்பத்தாருக்கு அன்பில்லை என்று பேசுவோர் முதலில் அக்காம்பராவின் அகலத்தை அளந்து விட்டுப் பேச வேண்டும்.

இதினும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. லயக் காம்பரா தோட்டத்தின் சொத்து. அதிற் குடியிருப்பது தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டே வந்திருக்கிறது. வீட்டில் ஒருவராயினும் தோட்டத்திற் பெயர் பதிந்து வேலை செய்ய வேண்டுமென்பது எழுதாத சட்டம். நோயுற்ற பெண் கொழுந்துக்குப் போனாலும் குறித்த நிறை பறிக்க அவளால் ஏலாது. அரைப் பேர்தான் விழும். சில நாள் அதுவும் விழாது. அவளைப் பார்த்துக் கொள்ள இன்னொருவர் வீட்டில் நின்றால் அவருடைய பேரும் போயிற்று. ஆக, ஒருவருக்கு மனம் கலங்கினாற் சம்பளம் இரண்டு குறைகிறது. கடைக் கடன் ஏறுகிறது. காம்பராவுக்கே ஆபத்து வருமோ என்ற அச்சமும் சேர்ந்து கொள்கிறது. இந்த அச்சத்தினாலேயே நோயை மறைக்கிறார்கள். மறைத்த நோய் முற்றுகிறது.

இத்துடன், வீடும் நாடும் பற்றிய பழைய காயமொன்றும் இம்மக்கள் நெஞ்சில் உண்டு. 1948 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரிற் கையொப்பமான ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக் கொள்வோமென்று ஒத்தி வைத்தது. அக்கா இங்கே, தங்கை அங்கே. தாய் கப்பலில், மகன் மலையில் என்று குடும்பங்கள் பிரிந்தன. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அப்பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது. மனத்தின் நோய்களை ஆராயும் டாக்டர்கள் பிரிவும் நிச்சயமின்மையும் எத்துணை தூரம் மனத்தை அரிக்கும் என்று எழுதுகிறார்கள். நம் பாட்டிமார் அதைப் புத்தகம் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்தில் ஒருவர் பிதற்றத் தொடங்கினால் முதலில் அழைக்கப்படுகிறவர் டாக்டரல்லர், கோடாங்கி. காட்டேரி பிடித்தது, முனி அடித்தது, எவரோ செய்வினை வைத்தார் என்று அவர் உடுக்கடித்துச் சொல்வார். கோழியும் எலுமிச்சம் பழமும் கேட்பார். இதைப் பரிகசிக்க நாம் விரும்பவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு லயத்துக்கு நடந்து வந்து, நோயாளியின் தலையைத் தொட்டு, அவருடைய மொழியிலேயே ஒரு மணி நேரம் பேசுகிறவர் கோடாங்கி ஒருவரே! அவ்வாறு வரக்கூடிய டாக்டரை நாம் அனுப்பாத வரையில் அவரைக் குறை கூறி என்ன பயன்? ஆனால் அடித்தும் கட்டியும் சூடு வைத்தும் பேயோட்டுவது கொடுமை. அதற்கு இடங் கொடுக்கலாகாது. 2001 ஆகஸ்டு 6 ஆந் தேதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவைச் சார்ந்திருந்த கொட்டகையொன்றிற் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தீயிலிருந்து தப்பியோட முடியாமல் மாண்டார்கள். இறந்தோர் தொகை 28. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நடுங்குகிறது.

குடும்பத் தலைவிகள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. கலகலப்பாக இருந்த பிள்ளை யாருடனும் பேசாமல் மூலையில் ஒடுங்குவது, வாரக் கணக்கில் உறக்கமும் பசியும் அற்றுப் போவது, எவரோ தன்னைப் பற்றியே பேசுவதாக நம்புவது, காரணமின்றி அழுவது, 'நான் இருந்து என்ன பயன்' என்ற சொல் அடிக்கடி வாயில் வருவது. இக்கடைசிச் சொல்லைக் கேட்டால் அலட்சியம் செய்யலாகாது. அவரைத் தனியே விடாமல் அருகிருந்து, அன்றே வைத்திய உதவி தேட வேண்டும். பிள்ளை பெற்ற சில நாட்களில் தாயொருத்தி குழந்தையைத் தொட மறுத்தால், அல்லது குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினால், அது பேயுமன்று, கெட்ட குணமுமன்று. பிரசவத்தைத் தொடர்ந்து வரும் மனநோய் அது; உரிய சிகிச்சையால் மாறும். மருத்துவிச்சியிடம் ஒளிவு மறைவின்றிச் சொல்லுங்கள்.

சிகிச்சை எங்கே கிடைக்கும்? ஒரு காலத்தில் இக்கேள்விக்கு ஒரே விடைதான்: அங்கொடை. 1926 இற் கட்டிய அந்த ஆஸ்பத்திரியின் பெயர் நாளடைவில் ஏச்சுச் சொல்லாகவே மாறிப் போனது. 'அங்கொடைக்குப் போக வேண்டியவன்' என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வதைக் கேட்டதில்லையா? அங்கே சனநெருக்கம் பெருகியது. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியின் டாக்டர் எட்வர்ட் மாப்பதர் 1937 இல் வந்து பார்த்துச் சீர்திருத்த ஆலோசனைகள் கூறிச் சென்றார். நுவரெலியாவிலிருந்து அங்கொடைக்கு நோயாளியைக் கொண்டு போய் விட்ட குடும்பம் அடிக்கடி போய்ப் பார்க்க முடியுமா? போக்குவரத்துக் காசு எங்கே? முதலில் மாதமொரு முறை. பிறகு ஆண்டுக்கொரு முறை. பிறகு விலாசமே மறந்து விடுகிறது. குணமாகியும் அழைத்துப் போக ஆளின்றி வாட்டிலேயே முதுமை எய்தியவர்களின் கதை இப்படித்தான் உண்டாகிறது.

2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் இந்நாட்டில் நிலைமை பெரிதும் மாறியது. 2005 இல் வெளியான தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையைத் தலைநகரிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டு செல்ல வேண்டுமென்று வகுத்தது. உளநலத்துக்கென்றே பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகள் ஊர் ஆஸ்பத்திரிகளிற் கிளினிக் நடத்தலானார்கள். அங்கொடை ஆஸ்பத்திரி தேசிய மனநல நிறுவகமாயிற்று. இன்னுமொரு நற்செய்தி: 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற பயங்கர அளவிலிருந்த தற்கொலை மரணங்கள், கொடிய பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடை செய்ததன் பலனாக வெகுவாகக் குறைந்தன. அரசாங்கமொன்று மனம் வைத்தால் உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு உலகமே எடுத்துக் காட்டும் உதாரணம் இது.

ஆயினும் தோட்டத்துக்கும் கிளினிக்குக்கும் நடுவே இரண்டு மலைகள் நிற்கின்றன. ஒன்று, தூரம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்; ஊசி இலவசம். ஆனாற் பஸ் காசு இலவசமன்று. இழந்த நாட் பேருக்கு எவரும் சம்பளம் தருவதில்லை. நோயாளியும் துணைக்குப் போனவரும் இருவருமாக ஒரு நாள் வேலையை இழக்க வேண்டும். ஆகவே, 'இப்போது சுகந்தானே' என்று இரண்டாம் மாதம் போகாமல் விடுகிறார்கள். மாத்திரை நின்ற சில வாரங்களில் நோய் திரும்புகிறது. மற்றொன்று, மொழி. எலும்பு முறிந்தவன் ஊமையாயிருந்தாலும் டாக்டர் கட்டுப் போடலாம். மனம் முறிந்தவனுக்குப் பேச்சே நாடி. டாக்டருக்குச் சிங்களம், நோயாளிக்குத் தமிழ். நடுவே நின்று மொழிபெயர்ப்பவர் அவருடைய சொந்த மகனே என்றால், தாய் தன் அந்தரங்கத்தை எப்படிச் சொல்வாள்? தமிழிற் பேசும் உளநலப் பணியாளர் ஒருவர் நூறு மாத்திரைக்குச் சமம்.

வீட்டு விஷயத்தில் அசைவு ஒன்றுமே இல்லையென்று கூற முடியாது. ஏழு பேர்ச்சஸ் நிலத்திற் சொந்த வீடு என்ற கோரிக்கை பலமடைந்தது. இந்திய அரசாங்கத்தின் உதவியால் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே 12 ஆந் தேதி நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தப் புதிய வீடு ஒன்றின் பரப்பு 550 சதுர அடி. தனி அறை உண்டு, சன்னல் உண்டு. லயத்திலிருந்து அவ்வீட்டுக்குப் போன குடும்பத்தில் முதலில் மாறுவது எது என்று கேட்டால் பெண்கள் உடனே விடை சொல்வார்கள்: வளர்ந்த பெண் பிள்ளை உடை மாற்ற ஓரிடம். ஆனால் தேவை மலை போல். கட்டிய வீடுகள் மடு போல். இடையிடையே மலையே சரிந்தும் விடுகிறது. 2014 அக்டோபர் 29 ஆந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. தப்பியவர்கள் புது வீடு கிடைக்கும் வரை நெடு நாள் பழைய தேயிலைத் தொழிற்சாலையிற் காத்துக் கிடந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலிலும் மலைநாட்டுச் சரிவுகள் பல இடங்களில் இடிந்தன. கண் முன்னே வீடு புதைந்ததைப் பார்த்தவருக்கு, மழைச் சத்தம் கேட்ட இரவெல்லாம் உறக்கம் வருமா? வீடு போனது கணக்கில் வரும். உறக்கம் போனது எந்தக் கணக்கிலும் வராது.

இந்நிலையிலே கொழும்பிலோ, கண்டியிலோ, கடல் கடந்த தமிழர் வாழும் நகரங்களிலோ, மலையக மக்களின் உளநலத்துக்கும் வீட்டுக்குமென ஒரு கலை விழா எடுக்க நல்லோர் சிலர் முன்வருவாராயின், அவர்களை வரவேற்போம். அதே சமயம் சில வார்த்தைகள் சொல்லி வைப்பதும் நம் கடமை.

முதலாவது, நோயாளியைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம். லண்டன் பெத்லம் மனநோய் ஆஸ்பத்திரியில், 1770 இற் கட்டுப்பாடு வரும் வரை, காசு கொடுத்து நோயாளரை வேடிக்கை பார்க்கப் பெருங் கூட்டம் போவதுண்டு. பாரிஸ் நகரத்து சல்பேத்ரியேர் ஆஸ்பத்திரியிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆண்டுதோறும் நோயாளிப் பெண்களுக்கு வேஷம் அணிவித்து நடன விழா நடத்தினார்கள்; நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் அதைப் பார்க்க அழைப்புத் தேடி அலைந்தார்கள். அதுவும் தர்மமென்றே எண்ணப்பட்டது! இக்காலத்தில் எவரும் அவ்வளவு தூரம் போக மாட்டார். ஆயினும் லயத்துப் பெண்ணின் கண்ணீரைப் படம் பிடித்து மண்டபத்துத் திரையிற் பெரிதாக்கிக் காட்டுவதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. இடைவேளையிற் பருகும் தேநீரில் அவளுடைய முகம் தெரிந்தால் அது போதும்.

இரண்டாவது, மலையகத்துக்காக ஆடும் மேடையில் மலையகத்துக் கலை ஏறட்டும். திரைப் பாட்டுக்கு ஆடுவோர் எங்கும் கிடைப்பார்கள். மாசி மாதத்தில் தோட்டந்தோறும் நடக்கும் காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிவனுடைய நெற்றிக் கண்ணால் எரிந்த மன்மதனுக்காக ரதி புலம்பும் போது, சுற்றி நிற்கும் பெண்கள் ரதிக்காக மட்டுமா அழுகிறார்கள்? ஆண்டு முழுவதும் அடக்கி வைத்த துக்கமெல்லாம் தப்பொலியின் நடுவே அன்று வெளிப்படுகிறது. மனத்தின் பாரத்தை ஊரோடு கூடி இறக்கி வைக்கும் ஏற்பாட்டை நம் முன்னோர் வைத்தியர் துணையின்றியே செய்திருந்தார்கள். கோ. நடேசய்யரின் மனைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரின் குறைகளைப் பாட்டாக்கித் தோட்டம் தோட்டமாகப் பாடியதையும் இங்கே நினைவு கூரலாம். பாட்டுக்கும் கைங்கரியத்துக்கும் மலைநாட்டில் உறவு பழையதே.

மூன்றாவது, பணம். இதைச் சற்று விரித்தே கூற வேண்டும். விழா எடுப்போருக்குக் கட்டடம் கட்டுவதில் ஆசை அதிகம். அடிக்கல் நாட்டலாம், பெயர்ப் பலகை பதிக்கலாம், படம் எடுக்கலாம். ஆனால் தோட்டத்து நிலம் பெரும்பாலும் அரசாங்கத்தினுடையது. 1992 முதல் அதன் நிருவாகம் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. சங்கமொன்று பணத்தை எடுத்துக் கொண்டு போய் நினைத்த மேட்டில் வீடு கட்டிவிட முடியாது. அனுமதிக்கே வருடங்கள் கழியும். வீடு கட்டும் பெரும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. அதைத் தர்மத்தின் தலையிற் சுமத்தி அரசாங்கத்தை ஓய்வெடுக்க விடலாகாது. விழாப் பணம் வேறு விதமாக விரைந்து பயன்படலாம். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஆஸ்பத்திரிக்கு அண்மையில் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுங்கள். ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறி, காம்பராவுக்கு உடனே திரும்ப முடியாத நாலைந்து பெண்கள் அங்கே சில மாதம் தங்கட்டும். தமிழ் பேசும் துணையாளர் ஒருத்திக்குச் சம்பளம் கொடுங்கள். தோட்டத்திலேயே படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்களைப் பயிற்றினால் ஆளுக்குப் பஞ்சமில்லை. கிளினிக் நாளில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் காசும் இழந்த நாட் சம்பளமும் கொடுங்கள். அடிக்கல் நாட்டு விழாவுக்கு ஆகும் மாலைச் செலவே பல பேருக்குப் பல மாதப் பஸ் காசு! இவற்றுக்கெல்லாம் ஓரிரவுப் பணம் ஓராண்டுக்குத்தான் வரும் என்பதையும் மறவாதீர்கள். வாடகை மாதந்தோறும் வரும். விழா மாதந்தோறும் வராது. ஆகையால் விழாவிலே டிக்கட் வாங்கியவர்களில் நூறு பேரையாவது மாதச் சந்தாதாரராக்கிக் கொள்ளாமல் வீட்டின் சாவியை வாங்கலாகாது. தொடங்கி நடுவில் மூடிய இல்லம், தொடங்காத இல்லத்தை விடக் கொடியது. அங்கிருந்த பெண் இரண்டாம் முறையும் வீடிழக்கிறாள்.

குடும்பமே குடும்பத்தை ஏற்கலாம் என்பதற்கும் உலகில் ஒரு முன்மாதிரி உண்டு. பெல்ஜியம் நாட்டிற் கேல் என்றொரு ஊர். பல நூற்றாண்டுகளாக அவ்வூர்க் குடும்பங்கள் சித்தம் கலங்கிய அந்நியரைத் தம் வீட்டில் உடன் வைத்து, உணவளித்து, இயன்ற வேலையும் கொடுத்து வாழ்ந்து வருகின்றன. பக்கத்து வீட்டார் நோயாளியைக் கண்டு ஒதுங்குவதில்லை. பரம்பரையாகப் பழகிய முகங்கள் அவை. நமது லயத்திலும் இத்தகைய பரிவு இல்லாமலில்லை. தாய் மலைக்குப் போகும் போது நோயுற்ற மகளைத் தொங்கல் வீட்டுப் பாட்டியிடம் விட்டுப் போவதும், பாட்டி அவளுக்குத் தலை வாரிவிட்டுத் தன் பங்கு ரொட்டியிற் பாதியைக் கொடுப்பதும் நாள்தோறும் நடப்பவை. அந்தப் பாட்டிக்கு ஒரு சிறு உதவித் தொகை கொடுத்தால், கேல் ஊர் முறைக்கு வேறென்ன வேண்டும்?

விழாக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வந்த காசும் போன காசும் தோட்டத்து மாரியம்மன் கோயிற் சுவரிலும், பிள்ளைக் காம்பரா வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். தொகை மட்டும் போதும். உதவி பெற்றவரின் பெயர் வேண்டாம்.

அவசர உதவி நாடுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி மூலம் பேசலாம். 1333 என்ற இலக்கமும் உண்டு. அண்மையிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் உளநலக் கிளினிக் எந்தக் கிழமை என்பதை மருத்துவிச்சியிடமோ டிஸ்பென்சரியிலோ கேட்டு, வீட்டுக் கலண்டரில் இப்போதே குறித்துக் கொள்ளுங்கள்.